சூசையப்பர் இலை

சூசையப்பர் திருநாளில் கடியப்பட்டணத்து நேர்ச்சை வீடுகளில் மூன்று ஏழைகளைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். ஒரு கிழவர், ஒரு பெண், ஒரு பிள்ளை. அவர்களைத் திருக்குடும்பமாக எண்ணிக் கால் கழுவிச் சோறு போடுவார்கள். சூசையப்பராக உட்காருகிறவர் இலையில் மிச்சம் வைக்கக்கூடாது. வைத்தால் நேர்ச்சை சேராது.

மீன் விற்றுப் பிழைத்த வேளாங்கண்ணி, கணவன் சூசை கடலோடு போனதிலிருந்து ஒரு வருடமும் அந்தப் பந்தியை விட்டதில்லை. அவன் சாகிறவர்களுக்குக் கொடுக்கும் கடைசி நற்கருணையான நன்மை வாங்காமல் செத்தவன்; உடலும் கரை சேரவில்லை. அவன் ஆத்துமாவுக்கென்று அவளால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான்.

1953இல் அவள் வீட்டில் கோலப்பன் கிடந்தார். ஊர்க் குருசடிக்குச் சிலுவைக் கல் கொத்த வந்த மயிலாடிக் கல்தச்சர். கல்தூசி தின்ற நெஞ்சு, இருமினால் ரத்தம். சொந்தக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். வள்ளத்து நிழலில் பட்டினியாகக் கிடந்தவரை வேளாங்கண்ணிதான் ஆள் வைத்துத் தூக்கி வந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் கண்டித்துச் சொல்லியிருந்தாள்: காய்ந்த குடல், இப்போதைக்குக் கஞ்சித்தண்ணிதான், அதுவும் ஒரு சிரட்டை அளவு; வயிறு நிறையத் தின்றால் உயிருக்கே ஆபத்து. அவள் அப்படியே செய்தாள். துப்பும் சட்டியில் சாம்பல் போட்டாள், துணிகளை வெந்நீரில் அலசினாள். அவர் சுவரில் சாய்ந்து உட்காரும் அளவுக்குத் தேறினார்.

திருநாள் வந்தது. உச்சிப்பொழுதாகியும் கூப்பிட்டவர்கள் யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“ஏட்டி லீமா, சோறு ஆறுது. பிள்ளையக் கூட்டிட்டு வரலியா?”

“நீ நல்லவதாம்டி. ஒனக்க வீட்டு இருமலு நல்லதில்லியே. பிள்ளைக்கு ஒட்டிச்சுன்னா சூசையப்பரா வந்து பாப்பாரு?”

“முத்துநாயகம் பாட்டாவாவது வருவாரா?”

“அவரு விடியக்காலத்தயே வடசேரிக்குப் போயாச்சு. விருந்துக்குப் பயந்து ஓடுன ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்.”

திரும்பி வந்தாள். மூன்று இலையும் காலியாகக் கிடந்தன. தவக்காலமாதலால் சைவச் சமையல்தான்.

“அண்ணாச்சி, நீங்களாவது வந்து இருங்க.”

“நான் சொடலமாடனுக்கு வெளக்கு வைக்கவன். ஒங்க சாமி கோவிக்காதா?”

“அவரும் தச்சன்தான். வாங்க.”

சோறு, பருப்பு, அவியல், புளிசேரி, பாயசம். பாதியில் அவர் கை நின்றது.

“போதும், தங்கச்சி.”

அகப்பையோடு நின்றாள். நர்ஸ் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. சூசையும் நினைவிலிருந்தான்.

“மிச்சம் வைக்கப்பிடாது, அண்ணாச்சி. ஒரு நாளைக்குத்தானே.”

தன் ரத்தத்தைத் துடைத்தவள் சொல்லும்போது அவர் எப்படி மறுப்பார்? இலையை வழித்துத் தின்றார்.

அன்று மாலையே வயிறு உப்பியது. கால்கள் வீங்கின. மூச்சு மேலும் கீழும் இழுத்தது. வெந்நீர் ஒத்தடத்துக்கெல்லாம் அடங்குகிற கோளாறில்லை. மறுநாள் போய்விட்டார்.

அதன் பிறகு ஊர் வந்தது. நன்மரணத்துக்குப் பாதுகாவலர் அல்லவா சூசையப்பர்!

“அவருக்க நாளுல வயிறாரத் தின்னுட்டுப் போயிருக்காரு. ஒனக்க நேர்ச்ச சேந்துட்டுடீ. அடுத்த வருசம் நானும் பிள்ளையும் கண்டிப்பா வாறோம்” என்றாள் லீமா.

“நான்தான் கொன்னேன்.”

“கிறுக்கச்சி! சோறு போட்டா ஆராவது சாவாவளா?”

துக்கத்தில் பேசுகிறாள் என்று பெண்கள் அவளை உட்காரவைத்து ஜெபமாலை தொடங்கினார்கள். வேளாங்கண்ணிக்கு வாயில் ஒரு ஜெபமும் வரவில்லை. நோய் ஒட்டாதிருக்க அவர் கிடந்த பாயை எரிக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. எழுந்து போய் எரித்தாள்.