இரண்டாம் பாகங்களின் சொந்தக்காரன்

சென்ற வாரம் அலுவலக கேன்டீனில், புதிதாகச் சேர்ந்திருக்கும் திவ்யா தன் போனை என் தோசைக்கு மேலே நீட்டினாள். ஏதோ ஜப்பானியப் படக்கதைத் தொடர். முடிவே இல்லாமல் போகிறது. "சார், எதை முதல்ல வாங்கறது? ஒண்ணாம் நம்பர்ல இருந்தா, இல்ல நல்லா இருக்கறது மட்டுமா?" என்றாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். இந்த விஷயத்தில் என்னைப்போல் திட்டம் போட்டுத் தோற்றவன் பெங்களூரிலேயே இருக்க முடியாது. ஆனால் ஆரம்பிப்பதற்குள் அவளை மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

வேலூரிலிருந்து வந்து வைட்ஃபீல்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சிவாஜிநகர் போவேன். சைவக்கார வீட்டு ஓனரிடம் சொன்ன காரணம் புத்தகம், உண்மைக் காரணம் பிரியாணி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கறிக்கடைகள் முடிந்து துணிக்கடைகள் தொடங்கும் இடத்தில் ஒரு பழைய பேப்பர் கடை. புதுத்துணியின் கஞ்சி வாசனையும் பழைய காகித வாசனையும் அங்கே ஒன்றாக வரும். இன்றும் ஜவுளிக்கடைக்குள் நுழைந்தால் எனக்குப் படக்கதை ஞாபகம்தான். நான் மூச்சை இழுத்துவிட்டு மெய்மறந்து நிற்பதைப் பார்த்து, பட்டுப்புடவையில் எனக்கு ரசனை உண்டென்று மனைவி நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் கடையில் ஒரு ஞாயிறு 'நீலக்கண் நிரஞ்சன்' கட்டு வந்திருந்தது. துப்பறியும் கதைகள். ஒவ்வொரு கதையும் இரண்டு பாகம். முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் நிரஞ்சன் எதிலாவது ஒற்றைக் கையால் தொங்குவான். அவனை இறக்கிவிட அடுத்த இதழ் வாங்க வேண்டும். நான் கட்டைப் பிடித்தபோது மறுமுனையை இன்னொரு கை பிடித்திருந்தது. நிமிர்ந்தால் எங்கள் அலுவலக அக்கவுண்ட்ஸ் மஞ்சுளா! ஒரே ஷட்டில் பஸ்ஸில் போகிறவர்கள். அதுவரை பேசியதில்லை.

"நான்தான் முதல்ல பார்த்தேன் குரு" என்றாள். என் பெயர் குரு இல்லை; பெங்களூரில் பார்க்கிறவர்கள் எல்லோரும் குருதான்.

"பார்த்தது நீங்க, பிடிச்சது நான்."

கடைக்கார பாய் வந்துவிட்டார். "அரே, இழுக்காதீங்க, கிழிஞ்சிடும். ஆளுக்கு ஒண்ணா மாத்தி மாத்தி எடுங்க. மேடம் முதல்ல."

இங்கேதான் என் இன்ஜினீயர் மூளை வேலை செய்தது. முதல் பாகம் யாரிடம் இருந்தால் என்ன? கொலைகாரன் யார் என்பது இரண்டாம் பாகத்தில் அல்லவா இருக்கிறது! முடிவுகளை எல்லாம் நான் அள்ளிக்கொண்டால், அவள் நாளைக்கே என் சீட்டுக்கு வந்து கெஞ்சுவாள். மிரட்டிப் பண்டமாற்று செய்து முழுத் தொடரையும் என்னுடையதாக்கிவிடலாம்.

அவளோ அட்டையைப் பார்த்து எடுத்தாள். "இதுல குதிரை சக்கத்தா, சூப்பரா இருக்கு. இதுல கப்பல்." ஆளை இழுக்க வேண்டுமென்று முதல் பாகத்துக்குத்தானே அழகாக அட்டை போடுவார்கள். நான் கேட்காமலேயே முதல் பாகங்கள் எல்லாம் அவள் பக்கம் போயின. உள்ளுக்குள் சிரித்தபடி, "கதையைப் பார்த்து எடுக்க மாட்டீங்களா?" என்றேன்.

"எனக்குத் தமிழ் பேச வரும், ஓத வராது" என்றாள். எங்கள் ஊரில் ஓதுவது என்றால் தேவாரம். படக்கதையை யாரும் ஓத மாட்டார்கள். கன்னடத்தில் ஓதுவது என்றால் படிப்பது என்று பிறகுதான் புரிந்தது. ஸ்ரீராம்புரத்தில் தாத்தா காலத்திலேயே குடியேறிய தமிழ்க் குடும்பம், படித்தது கன்னட மீடியம். அவளுக்குப் படம் மட்டும்தான். 'பாவம்' என்று வேறு நினைத்தேன்.

திங்கட்கிழமை அவள் கெஞ்ச வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை ஷட்டில் மாரத்தஹள்ளியில் வழக்கம்போல் உறைந்து நின்றபோது, பின்சீட்டில் ஒரே சிரிப்பு. மஞ்சுளா குதிரை அட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு, பாதி தமிழ் பாதி கன்னடத்தில் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். வசனம் படிக்கத் தெரியாததால் எல்லோருக்கும் அவளே வசனம் எழுதினாள். நிரஞ்சன் மல்லேஸ்வரத்தில் காபி குடித்தான். வில்லன் வீட்டு வாடகை அட்வான்ஸைத் திருப்பித் தர மறுத்தான். நிரஞ்சன் கூரையில் தொங்கியதும் அவள் தயங்கவில்லை. மேலேயே ஏறவைத்து முடிவையும் சொன்னாள். குதிரைதான் கொலைகாரன்!

என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று, "தப்பு! கொலை பண்ணது தம்பிக்காரன். புத்தகம் எங்கிட்ட இருக்கு" என்றேன்.

பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் டெஸ்டிங் டீம் கிரீஷ் சொன்னான்: "அது பேஜார் எண்டிங் குரு. உட்காரு. குதிரைதான் கரெக்ட்."

உட்கார்ந்தேன். என் அறையில் இருந்ததெல்லாம் முடிவுகள். யார் செத்தார்கள், ஏன் செத்தார்கள் என்று ஒன்றும் தெரியாமல், கொலைகாரர்களின் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு நான் அந்த வாரத்தை ஓட்டினேன். வெள்ளிக்கிழமை நானே அவள் சீட்டுக்குப் போய்க் கெஞ்சினேன்.

"தர்றேன். ஆனா பஸ்ல உன் முடிவைச் சொல்லக்கூடாது" என்றாள். 'நீங்க' எப்போது 'நீ' ஆயிற்று என்று கேட்கும் நிலைமையில் நான் இல்லை.

முதல் பாகங்களை வாங்கிப் படித்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அசல் கதைகள் சப்பென்றிருந்தன. மறுவாரத்திலிருந்து நானும் பின்சீட்டுக்கு மாறிவிட்டேன். அவள் கண்ணில் படக்கூடாது என்று நினைத்த இரண்டாம் பாகங்களையும் அவளிடமே கொடுத்தேன். அவள் அவற்றைத் தலைகீழாகக்கூடச் சொன்னாள்.

மஞ்சுளா இப்போது மைசூரில் இருக்கிறாள். பாய் கடை இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். மெட்ரோ வந்த பிறகு ஷட்டிலை நிறுத்திவிட்டார்கள். அரை மணியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ரயிலில், காதில் ஒன்றைச் செருகிக்கொண்டு ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அப்போது ஷட்டில் ஓட்டிய நஞ்சப்பா, கதை பாதியில் இருக்கும்போது அலுவலக கேட் வந்துவிட்டால், உள்ளே திருப்பாமல் ஓரமாக நிறுத்திவிடுவார். பின்னாலிருந்து ஹாரன் அடிப்பவர்களைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டிவிட்டு, கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சொல்வார்: "கதெ முகிலி." கதை முடியட்டும்.