ஒற்றை ஷூவும் டப்பா அக்காவும்

நான்கு சென்டிமீட்டர். ஒரு நூல் கூடுதலாக வேண்டுமானால் இருக்கலாம். டப்பா அக்காவின் கைப்பையில் எப்போதும் கிடக்கும் அட்டைக் குழலின் வாய் அகலம் அது. கழிப்பறைக் காகிதச் சுருள் தீர்ந்ததும் மிஞ்சுமே, அந்தக் குழல்தான். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் அதற்குள் நுழைகிற எந்தப் பொருளும் தரைக்கு வரக் கூடாது என்பது அக்காவின் சட்டம். குழலில் நுழைவது தொண்டையிலும் நுழையும்.

வயது நாற்பத்தாறு. பிள்ளைகளின் படுக்கையறையில் பொம்மைகளையும் அவற்றின் சட்டை, செருப்பு, சீப்பு, கட்டில், சமையல் சாமான்களையும் ஒழுங்குபடுத்திக் கொடுப்பது தொழில். இப்படியும் ஒரு தொழிலா என்று வியக்கிறவர்களிடம், "உங்க வீட்ல ஏழு வயசுல யாரும் இல்ல போல" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அதற்கு முன் பதினான்கு வருடம் ஒரு பெரிய விளையாட்டுச் சாமான் கடையின் கிடங்கில் இருந்தார். லாரியில் வந்து இறங்கும் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, எண்ணி, எந்தத் தட்டில் எது என்று அடுக்கும் வேலை. ஒரு நாள் கடையே மூடிக்கொண்டது. கூட வேலை பார்த்த ஒருத்தி, "சும்மாதானே இருக்கீங்க, வந்து என் பொண்ணோட ரூமைப் பாருங்களேன், உள்ள கால் வைக்க முடியல" என்று கூப்பிட்டாள். அந்த அறையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டில் கூப்பிட்டார்கள். அப்படியே வாய்மொழியாகப் பரவி ஐந்து வருடமாகிறது.

பட்டப்பெயர் கணவர் வைத்தது. அவர் பெயின்டர். "எங்க வீட்ல உப்பைக் காணோம்னு சொன்னா, எந்த டப்பால பாத்தீங்கன்னு கேப்பா. என்னையே ஒரு நாள் டப்பால போட்டு மூடிருவா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

"போடலாம்தான். மூடி தாங்கணுமே" என்பார் அக்கா, கணவரின் தொந்தியைப் பார்த்தபடி.

எந்த அறைக்குப் போனாலும் அக்கா முதலில் எதையும் தொடுவதில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சுற்றிலும் பார்ப்பார். பிறகு அறைக்குச் சொந்தக்காரரிடம், அதாவது பிள்ளையிடம், எது யாருடையது என்று விசாரிப்பார். "குப்பை" என்ற சொல் அவர் வாயில் வராது. பெற்றோர் சொன்னால் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவார்.

இந்தக் கதை நடந்த வீட்டுக்குக் கூப்பிட்டது ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காரும் பெண். கணவர் லிஃப்ட் மெக்கானிக். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு ஒன்பது மாதம். இரண்டு பேருக்கும் ஒரே அறைதான். சின்னவன் தவழ ஆரம்பித்த வாரத்திலேயே அவன் கன்னத்துக்குள்ளிருந்து பொம்மையின் கைப்பை ஒன்றை அப்பா விரலை விட்டு எடுத்திருந்தார். அன்றைக்கே தீர்ப்பும் சொல்லிவிட்டார்: இதற்கு ஒரு வழி பிறக்காவிட்டால் பொம்மைகள் எல்லாம் வீட்டை விட்டுப் போகும்.

"அவர் சொன்னா செஞ்சிருவார் அக்கா. இவளும் அதுங்க இல்லாம ஒரு வாய் சாப்பிட மாட்டா. நடுவுல நான் கிடந்து அல்லாடுறேன்" என்றாள் அம்மா.

அக்கா போய் உட்கார்ந்தார். கட்டிலுக்கடியில், ஜன்னல் விளிம்பில், சின்னவனின் தொட்டில் காலோரத்தில் என்று எங்கே பார்த்தாலும் விரல் நகம் அளவுக்குச் சாமான்கள். பெரியவள் கதவோரத்தில் நின்று முறைத்துக்கொண்டிருந்தாள். தன் பொம்மைகளைப் பிடித்துப்போக வந்தவர் என்று நினைத்தாள் போல. அக்கா குழலை எடுத்து நீட்டினார்.

"இது வழியா போறது மாடி வீடு. போகாதது கீழ் வீடு. நீ பாத்து அனுப்பு."

அவ்வளவுதான், பிள்ளைக்கு வேகம் பிடித்துக்கொண்டது. சீப்பு போனது. தேநீர்க் கோப்பை போனது. குட்டிக் குடை பாதியில் சிக்கியது. அதை எதில் சேர்ப்பது என்று இருவருக்கும் வாக்குவாதம் வந்து, மாடி என்று முடிவானது. நடுவில் ஓடிப்போய் அப்பாவின் மூக்கை அளந்துவிட்டு வந்தாள்.

"அப்பா மூக்கு கீழ் வீடு."

"தெரியும், தெரியும். போ" என்றார் அப்பா.

சாமான்களை அக்கா தன் கிடங்கு முறைப்படி பிரித்தார். ஷூவெல்லாம் ஒன்றாக, சீப்பெல்லாம் ஒன்றாக. பெரியவள் அதைக் கலைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற சாமான், ஊருக்குப் போகிற சாமான், சண்டை போட்டால் எடுத்துக்கொண்டு போகிற சாமான் என்று பிரித்தாள். கடைசியில் ஷூக்களுக்கு மட்டும் அக்காவின் முறை, மற்றதற்கு அவள் முறை என்று ஒப்பந்தமானது. மாடி வீட்டுச் சாமான்கள் எல்லாம் அழுத்தி மூடும் மூடி போட்ட டப்பாக்களில் ஏறி அலமாரியின் மேல் தட்டுக்குப் போயின. அவற்றை எடுத்து விளையாட வேண்டுமானால் மேசைமேல்தான், சின்னவன் தூங்கும்போதுதான். கீழ்த் தட்டில் பொம்மைகளை அக்காவே தன் கையால் வரிசையாக உட்கார வைத்தார். உயரமானது ஓரத்தில், குட்டையானது நடுவில், முகமெல்லாம் வெளியே பார்த்தபடி. கடை ஜன்னல் மாதிரி இருந்தது.

"டப்பாவுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார் அப்பா.

"நான்தான்" என்றாள் பெரியவள்.

அந்த வார்த்தைதான் பின்னால் அவளுக்கு வினையானது.

நாலைந்து நாள் கழித்து அம்மாவின் போன் வந்தது. இரண்டு நாளைக்கு முன் சின்னவன் மூச்சுத் திணறி முகம் சிவந்து இருமியிருக்கிறான். தலைகீழாகக் கவிழ்த்து முதுகில் தட்டியதும் ஒரு சிவப்பு ஷூ வெளியே விழுந்திருக்கிறது. டாக்டரிடம் காட்டியாகிவிட்டது, பயமில்லை. ஆனால் அப்பா அறையைப் பூட்டிவிட்டார். பொம்மைகளையும் சாமான்களையும் மறுநாள் தூக்கி யாருக்காவது கொடுத்துவிடப்போகிறார்.

"டப்பாவ எடுத்துட்டு மூடாம விட்ருக்கா. கேட்டா நான் எடுக்கவே இல்லைன்னு சாதிக்கிறா. பொய் வேற. ரெண்டு நாளா நான் அவகிட்ட முகம் கொடுத்துப் பேசல அக்கா."

அக்காவுக்கு வேறொரு வீட்டில் வேலை இருந்தது. பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினார். போகிற வழியெல்லாம் மூடிகளைப் பற்றியே யோசனை. அழுத்தமான மூடிதானே வாங்கினோம், பிள்ளை கைக்கு மூட முடியவில்லையோ.

கதவைத் திறந்தவர் அப்பா. பூட்டின அறையைக் காட்டி, "எங்க வேலைல ஒரு லிஃப்ட் தகராறு பண்ணா முதல்ல பூட்டுவோம். ஏன் பண்ணுச்சுன்னு அப்புறம் பாப்போம். காரணம் தெரியாம எவன் சொன்னாலும் திறக்க மாட்டோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் கண்ணெல்லாம் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது.

"நான் ஒரு தடவ உள்ள போய்ப் பாக்கட்டுமா தம்பி?"

"பாருங்க. அவளும் வேணா வரட்டும்."

அறை விட்டுப்போன மாதிரியே இருந்தது. பெரியவள் உள்ளே வரவில்லை, நிலைப்படியில் நின்றுகொண்டாள். அக்கா நாற்காலி போட்டு ஏறி மேல் தட்டிலிருந்து ஷூ டப்பாவை இறக்கினார். மூடி நன்றாக அழுத்தி மூடியிருந்தது. கட்டிலில் கவிழ்த்து ஜோடி சேர்த்தார். நீலத்துக்கு நீலம், வெள்ளைக்கு வெள்ளை. ஒன்றுகூடத் தனியாக மிஞ்சவில்லை. சிவப்பு ஷூ அதில் ஒன்றும் இல்லை.

அப்படியானால் அது எங்கிருந்து வந்தது?

அக்கா தரையில் உட்கார்ந்தார். பிறகு இன்னும் குனிந்து, முழங்கையை ஊன்றி, சின்னவனின் கண் மட்டத்துக்கு வந்தார். கீழ்த் தட்டில் பொம்மைகள் அவர் வைத்த வரிசை கலையாமல் உட்கார்ந்திருந்தன. கால்கள் தட்டின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தவழ்ந்து வருகிறவனுக்கு முதலில் கைக்கு எட்டுவது அந்தக் கால்கள்தான். நடுவில் இருந்த குட்டைப் பொம்மையின் ஒரு காலில் சிவப்பு ஷூ. இன்னொரு கால் வெறுமையாக இருந்தது.

அந்தப் பொம்மையை அங்கே வைத்தது யார் என்று அக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கிடங்கில் ஒரு கணக்கு உண்டு. சட்டை, ஷூ, தொப்பி எல்லாம் போட்டு வருகிற பொம்மை ஒரே உருப்படி. ஷூவைத் தனியாக எண்ண மாட்டார்கள். பதினான்கு வருடம் அப்படி எண்ணிய கண், இந்த அறையிலும் அப்படியே எண்ணிவிட்டது. தரையில் உதிர்ந்து கிடந்ததெல்லாம் குழல் வழியாகப் போய் வந்தது. பொம்மையின் மேல் இருந்ததை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. பொம்மை குழலில் நுழையாது, அதனால் கீழ் வீடு. அதன் காலில் இருப்பது நுழையுமே என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

"ஏதாவது புரியுதா அக்கா?" என்றபடி அம்மா இடுப்பில் சின்னவனோடு வந்து நின்றாள். "மூடி சரியில்லைன்னா மாத்திடலாமா? நானும் அவர்கிட்ட அதத்தான் சொல்லிட்டிருக்கேன்."

மூடி சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு மூடி வாங்கிப் போட்டு, பொம்மைகளின் காலில் இருந்ததைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டுப் போயிருந்தால் ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. இந்த அம்மா சொல்லித்தான் மருத்துவமனையில் கூட வேலை பார்க்கிறவர்களின் வீடு இன்னும் மூன்று அக்காவுக்குக் கிடைத்திருந்தது. ஆனால் நிலைப்படியில் நின்றவள் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள்.

அக்கா எழுந்து பொம்மையைக் கையில் எடுத்தார். "தம்பி, கொஞ்சம் வாங்க. மூடில ஒண்ணும் இல்ல. இவ டப்பாவத் தொடவே இல்ல. ஷூ இந்தப் பொம்மை கால்ல இருந்தது. கால்ல ஷூவோட கீழ வெச்சது நான்."

அப்பா பொம்மையை வாங்கி, மிச்சமிருந்த ஷூவைக் கட்டைவிரலால் நெம்பினார். லேசாகக் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. அக்காவின் குழலைக் கேட்டு வாங்கி, அதில் போட்டார். விழுந்தது.

"மேல இருந்து ஒண்ணும் வரல?"

"வரல."

"இவ எடுக்கல?"

"எடுக்கல. அவ சொன்னதுதான் உண்மை."

அப்பா குழலை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். அம்மா சின்னவனை அப்பாவின் கையில் திணித்துவிட்டு நிலைப்படிக்குப் போய் மண்டியிட்டாள். "ஏண்டி செல்லம், அம்மாகிட்ட இன்னொரு தடவ சொல்லிருக்கக் கூடாதா?"

"மூணு தடவ சொன்னேன்" என்றாள் பெரியவள். அம்மா தோளைப் பிடித்து இழுத்ததும் முதலில் விறைத்தாள். பிறகு முகத்தை அம்மாவின் கழுத்தில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். அவளைத் தேற்றப்போன அம்மாவும் சேர்ந்து அழுதாள். சின்னவன் எதற்கென்று தெரியாமல் அப்பாவின் சட்டைப் பொத்தானை வாயில் வைக்கப் பார்த்தான்.

அழுகை ஓய்ந்ததும் பெரியவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம் வந்தாள்.

"என் சாமானுக்கு மட்டும் குழல் பரீட்சை வெச்சீங்க. நீங்க வெச்ச பொம்மைக்கு வெக்கல. நீங்க ஃபெயில்."

"ஃபெயில்தான்" என்றார் அக்கா. "மறுபடி எழுதலாமா? நீ திருத்து."

அதன்பின் எல்லாப் பொம்மைகளும் தரைக்கு வந்தன. காலில் இருந்தது, காதில் இருந்தது, தலையில் செருகியிருந்தது எல்லாவற்றையும் பெரியவள் கழற்றினாள். கழற்ற வராததை அப்பா இழுத்துப் பார்த்தார். மெக்கானிக் கையல்லவா, கரடியின் மூக்கு அவரோடு வந்துவிட்டது.

"அப்பா, அதுக்கு வலிக்கும்."

"வலிச்சா சொல்லட்டும்" என்றவர், மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கரடியை மெதுவாகக் கீழே வைத்தார். "சரி, மன்னிப்பு கேட்டுக்கிறேன்" என்றார். கரடியிடம்தான் சொன்னார், ஆனால் கண் மகள் மேல் இருந்தது.

ஒரு கண், இரண்டு பொத்தான், ஒரு தலைப்பூ என்று குழலுக்குள் விழுந்தவற்றை ஒரு டப்பாவில் போட்டு மூடினார்கள். அக்கா தன் கைப்பையை எடுத்துக்கொண்டு, இந்த வேலைக்கு வாங்கிய கூலியைத் திருப்பித் தர வெளியே எடுத்தார். அப்பா கையை மறித்தார்.

"வேணாம் அக்கா. எங்க ஆளு ஒருத்தர் தப்பா மாட்டுனா, அதே ஆளத்தான் திரும்பக் கூப்பிட்டு மாட்ட வைப்போம். அவருக்குத்தான் அந்த இடம் மறக்காது."

"அப்ப பொம்மை இருக்கலாமா?" என்றாள் பெரியவள்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "காரணம் தெரிஞ்சிடுச்சு, பூட்டு வேணாம். ஆனா ரிப்பேர் முடிஞ்ச லிஃப்ட்ல உடனே ஆள ஏத்த மாட்டோம். முதல்ல காலியா ஓட்டிப் பாப்போம். கொஞ்ச நாள் சாமான் இல்லாம பொம்மை மட்டும் இருக்கட்டும்."

பெரியவளுக்கு அது பிடிக்கவில்லை. எத்தனை நாள் என்று பேரம் பேசினாள். ஒரு வாரத்துக்குக் கீழே அவர் இறங்கவில்லை.

இந்த ஒரு வாரம் பொம்மைகள் கீழ்த் தட்டில் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கும். சாமான் டப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமை இறங்கும். அன்று காலை, எல்லாவற்றையும் இன்னொரு தடவை குழலில் போட்டுப் பார்க்க, டப்பா அக்கா வருகிறார்.