கிண்ணத்தின் அடியில் தண்ணீர்

மாமா படகை விட்டு இறங்கிய நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்ததும் அன்றுதான். வீடு பூட்டியிருந்தது. அந்த நேரத்தில் எல்லோரும் படகடியில்தான் இருப்பார்கள் என்பதால் முதுகுப்பையைக்கூட இறக்காமல் நேராகக் கரைக்குப் போனேன்.

படகை மணலில் இழுத்து நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் மாமா, தன் மழைக்கோட்டையும் சாப்பாட்டுத் தூக்கையும் ஒரு சாக்குப் பையில் திணித்துக்கொண்டிருந்தார். மறுபக்கம் சித்தப்பா வாளியும் துணியுமாகப் படகைக் கழுவிக்கொண்டிருந்தார். சித்தி நடுவில் நின்று, தன் அண்ணனைக் கொஞ்சம், தன் கணவரைக் கொஞ்சம் என்று மாறி மாறி முறைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியாடி? நல்ல நேரம் பாத்து வந்த, போ" என்றாள். அவ்வளவுதான் வரவேற்பு.

நடந்ததை அவளே சொன்னாள். அன்று காலை திரும்பி வரும்போது, அலை உடைகிற பாறை முனைக்குப் பக்கத்தில் என்ஜின் மறுபடியும் நின்றுவிட்டது. துடுப்பை ஊன்றித் தள்ளி இரண்டு பேரும் எப்படியோ தப்பி வந்திருக்கிறார்கள். அந்த மாதம் இப்படி நின்றது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை அவர்கள் விட்டே நாளாகிவிட்டது.

மாமா பையின் வாயைக் கட்டினார். "மாப்ளே, உன்மேல எனக்குக் கோபம் இல்ல. எனக்கு நீந்தத் தெரியும். அதுக்காக தினமும் நீந்தணுமா?"

ஆழ்கடலுக்குப் போகிற பெரிய படகு ஒன்றில் ஆள் தேவை என்று அவரிடம் சொல்லியிருந்தார்களாம். போனால் வாரக்கணக்கில் கரைக்கு வராது. மாமா பத்தடி நடந்த பிறகு சித்தப்பா கூப்பிட்டார். "மச்சான், உன் கையுறை ஒன்னு இங்க கிடக்கு. எடுத்துட்டுப் போ."

மாமா திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார். பல வருஷக் கூட்டு அப்படி முடிந்தது.

சித்தப்பாவைக் கரையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'சோப்பு' என்றால்தான் தெரியும். அவர் கடல் பக்கம் பிறந்தவர் அல்ல. கல்யாணத்துக்கு முன்பு பஸ் டிப்போவில் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். மீன்பிடிக் குடும்பத்தில் பெண் எடுத்ததால் மச்சானோடு கடலுக்குப் போனார். முதல் மாதம் முழுக்கப் படகின் விளிம்பில் தொங்கி வாந்தி எடுத்ததை மாமா இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். வாந்தி நின்றது, வலை இழுக்கப் பழகினார், பிறகு என்ஜினும் பழகினார். டிப்போ பழக்கம் மட்டும் போகவில்லை. மற்றவர்கள் மீனை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் பொதுக் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து, சோப்பு நுரை போட்டு, முன்முனை அணியம் முதல் என்ஜின் வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் போவார். அந்தக் கரையில் மீன் செதில் ஒட்டாத ஒரே படகு அவருடையதுதான். "சோப்பு படகுல உக்காந்து சோறே சாப்பிடலாம், ஆனா வீட்டுக்குப் போய்ச் சேர முடியாது" என்று பக்கத்துப் படகுக்காரர்கள் சிரித்தார்கள்.

சிரிப்பு வேறு, பிழைப்பு வேறு. வலையைத் தனி ஆளாக இழுக்க முடியாது. மச்சானுக்குப் பதில் வேறு ஆளைத் தேடலாம் என்றால், நடுக்கடலில் நிற்கிற என்ஜினை நம்பி யார் ஏறுவார்கள்? விஷயம் டிப்போ வரைக்கும் போயிருக்கிறது. பழைய மேஸ்திரி போன் செய்து, பழைய வேலை காலியாக இருக்கிறது, இந்த மாதம் முடிவதற்குள் வருகிறாயா இல்லையா என்று கேட்டார். சித்தப்பா யோசித்துச் சொல்கிறேன் என்றார். டிப்போவுக்குப் போவதென்றால் படகை விற்றாக வேண்டும்.

என்ஜினுக்கு வைத்தியம் பார்க்கிற மெக்கானிக்குக் கரையில் 'டாக்டர்' என்று பெயர். அவர் கார்பரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டுவார், சில நாள் ஓடும், மறுபடி நிற்கும். இந்த முறை கழற்றியதும் உள்ளே இருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். பெட்ரோலுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். "உன் என்ஜினுக்கு ஒன்னும் இல்ல. நீ குடுக்கிற சாப்பாடு சரியில்ல. தண்ணி பிரிக்கிற பில்டர் ஒன்னு வாங்கிப் போடு" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

சித்தப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. கெட்டுப்போவதற்கு இன்னொரு சாமான் எதற்கு என்பது அவர் கட்சி. சித்தி மறுநாளே கடைக்குப் போய் வாங்கி வந்துவிட்டாள். மேலே உலோகத் தலை, நடுவில் டப்பா போன்ற வடிகட்டி, அடியில் உள்ளே இருப்பது தெரிகிற கிண்ணம், கிண்ணத்தின் அடியில் ஒரு சின்ன வடிகால் திருகு. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் கிண்ணத்தில் தங்கிவிடும், பெட்ரோல் மட்டும் என்ஜினுக்குப் போகும்.

சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்தோம். பில்டரின் தலையில் ஓர் அம்புக்குறி இருந்தது. டாங்கிலிருந்து வரும் குழாய் ஒரு பக்கம், என்ஜினுக்குப் போகும் குழாய் மறுபக்கம். மாற்றி மாட்டிவிட்டால் எல்லாம் வீண் என்று சித்தப்பா மூன்று தடவை சொன்னார். அதற்குள் வேலையில் அவருக்கு ருசி வந்துவிட்டது என்று சித்தி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

கரைக்குப் போனதும் சித்தப்பா டாங்கைத் தூக்கித் தூரமாக வைத்துவிட்டு, படகின் பின்பலகையில் உள்பக்கமாக இரண்டு துளை போட்டார். துளைகளில் பசை தடவி, பில்டரைத் தாங்கும் தகட்டை வைத்து, போல்ட்டை முறுக்கினார். பெட்ரோல் குழாயை ஒரே வெட்டாக நேராக வெட்டி, முனைகளைச் செருகி, ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு கிளிப் போட்டு இறுக்கினார். கிளிப் தளர்ந்தால் காற்று புகும், காற்று புகுந்தால் பழைய கதைதான். ரப்பர் வளையத்தில் ஒரு துளி எண்ணெய் தடவி வடிகட்டியைக் கையாலேயே திருகினார். ஸ்பேனரை நீட்டிய என்னிடம், "இதுக்குக் கை போதும். ஸ்பேனர் போட்டா அப்புறம் கழட்ட யானை வேணும்" என்றார்.

எல்லாம் முடித்து நிமிர்ந்தபோது சித்தி குனிந்து பார்த்தாள். "அழகா இருக்கு. இந்தக் கிண்ணத்தை எப்படிக் கழட்டுவீங்க?"

கிண்ணத்துக்கும் தரைப்பலகைக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழையும். கையை எந்தப் பக்கம் கொண்டுபோனாலும் இடித்தது. சித்தப்பா நான்கு பக்கமும் முயன்று பார்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார். ஒரு சாண் உயரத்தில் புதிதாக இரண்டு துளை. பழைய துளைகளைப் பசை வைத்து அடைத்தார். இப்போதும் அந்த இடம் இரண்டு கண்கள் மாதிரித் தெரியும்.

டாங்கைக் கொண்டுவந்து குழாயை மாட்டி, குழாயின் நடுவில் பெட்ரோலை ஏற்றுகிற ரப்பர் பந்தைக் கெட்டியாகும் வரை அமுக்கினார். கிண்ணம் மெல்ல நிறைந்தது. இணைப்புகளில் விரலை ஓட்டிப் பார்த்தார், கசிவு இல்லை. கயிற்றை இழுத்ததும் என்ஜின் பிடித்துக்கொண்டது. சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து மாமா இடத்தில் நான் போனேன். நான் வலையை இழுக்கிறேனா, வலை என்னை இழுக்கிறதா என்று சித்தப்பாவுக்குப் பெரிய சந்தேகம். என்ஜின் நிற்கவில்லை. ஆனால் கிண்ணத்தின் அடியில் தினமும் தண்ணீர் சேர்ந்தது. தினமும் வடித்தோம், தினமும் வந்தது. கிண்ணம் நிறைந்துவிட்டால் பில்டர் இருந்தும் ஒன்றுதான் என்று டாக்டர் எச்சரித்தார். நானோ நிரந்தர ஆள் இல்லை, கிளம்பிவிடுவேன் என்று எல்லோருக்கும் தெரியும். இந்தத் தண்ணீர் இருக்கிறவரை புது ஆளைக் கூப்பிடச் சித்தப்பாவுக்கு மனம் வரவில்லை. அவர் பெட்ரோல் பங்க்காரரிடம் போய்ச் சண்டை போட்டார். பங்கை மாற்றினார். புதுப் பங்க் பெட்ரோலிலும் தண்ணீர். இரண்டாவது பங்க்காரரிடமும் சண்டை போட்டார். மேஸ்திரி இன்னொரு முறை போன் செய்தார். இந்த முறை சித்தப்பா, "வாரக் கடைசியில சொல்றேன்" என்றார். அவர் குரலைக் கேட்டால் வந்துவிடுவார் போலத்தான் இருந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் சித்தி சாப்பாடு கொண்டுவந்தாள். அவர் கழுவி முடிக்கட்டும் என்று மீன் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அவர் என்ஜினைக் கழுவினார், பில்டரைத் துடைத்தார், டாங்கின் மேல் வாளித் தண்ணீரைக் கவிழ்த்து, மூடியைப் பிரஷ்ஷால் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். மறுபடி ஒரு வாளி.

"ஏங்க" என்றாள் சித்தி. "அந்த மூடி மேல சின்னதா ஒரு திருகு இருக்கே, அது என்ன?"

"காத்துத் திருகு. டாங்குக்குள்ள காத்து போற வழி. ஓட்டும்போது திறந்திருக்கணும். இல்லன்னா பெட்ரோல் வராது."

"இப்ப ஓட்டலையே. மூடியிருக்கா?"

சித்தப்பாவின் கையில் பிரஷ் நின்றது. "அதை நான் மூடுறதே இல்ல."

காரணத்தையும் அவரே சொன்னார். முன்பு ஒரு தடவை கரையில் மூடிய திருகைத் திறக்க மறந்து கடலுக்குப் போய், என்ஜின் மூச்சு முட்டி நின்றிருக்கிறது. மாமா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். பஸ் கழுவினவனுக்குத் திருகு தெரியுமா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார். அன்றிலிருந்து சித்தப்பா அந்தத் திருகை மூடுவதையே விட்டுவிட்டார். மூடினால்தானே திறக்க மறக்கும்.

சொல்லி முடித்து அப்படியே மணலில் உட்கார்ந்தார். "அப்ப நான்தான் தினமும் வாளி வாளியா..."

"ஊத்தினது நீங்க" என்றாள் சித்தி. "திறந்து வெச்சது எங்க அண்ணன் வாய்."

முதலில் சிரித்தது சித்தப்பாதான். பிறகுதான் நாங்கள் சிரித்தோம். அந்தக் கரையிலேயே சுத்தமான படகு, சுத்தத்தாலேயே நின்றிருக்கிறது. சாப்பிட்டு எழுந்ததும் இரண்டு பங்க்காரர்களிடமும் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தாராம். இன்னொருவர் கரைக்கே வந்து டாங்கைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

டாங்கைக் காலி செய்து, துடைத்து, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தோம். புதுப் பெட்ரோல் ஊற்றி, கழுவும்போதெல்லாம் திருகை மூடினோம். அதன் பிறகு எத்தனையோ நாள் கடலுக்குப் போய் வந்தும் கிண்ணம் தெளிவாகவே இருந்தது. அந்த வாரக் கடைசியிலேயே சித்தப்பா மேஸ்திரிக்குப் போன் செய்து, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வலை இழுக்க நீங்கள் ஆள் தேடவில்லையா என்று சித்தி கேட்டாள். "மச்சான் இடம் அது" என்றார். பெரிய படகு அப்போது எந்தக் கடலில் இருந்ததோ, மாமாவின் போன் கிடைக்கவே இல்லை. சித்தி தண்ணீர் இல்லாத கிண்ணத்தைப் படம் எடுத்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் அண்ணனுக்கு அனுப்பி வைத்தாள்.

எனக்கு வேறொரு தேசத்தில் வேலை வந்தது, கிளம்பிவிட்டேன். சித்தப்பா பஸ் நிலையம் வரை வந்தார். வலைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதுவரை தூண்டில் போட்டுக்கொள்வேன் என்றார். எதுவரை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாதங்கள் போயின. ஒரு மழை நாளில், துணி துவைக்கும் கடையில் இயந்திரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் ஒலித்தது. மாமாவின் குரல் செய்தி. பின்னணியில் வாளிச் சத்தம், யாரோ எதையோ தேய்க்கிற சத்தம்.

"மருமகளே, இன்னிக்குத் திருகை நான் மூடிட்டேன். சோப்பு இப்பக் கழுவிட்டு இருக்கான். காலையில அதைத் திறக்கிறதும் என் வேலைதானாம். நான் மறந்தா ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கப் போறானாம். நாளைக்கு விடியறப்போ ஒரு போன் பண்ணி எனக்கு ஞாபகப்படுத்தும்மா."