நான் கொடுத்த முழுக்கு

தண்ணீருக்குப் பயந்த மனுஷனை எந்தத் தைரியத்தில் எங்கள் சங்கம் பாப்டிஸ்ட் மிஷனரியாக அனுப்பியதோ தெரியாது. பாப்டிஸ்ட் என்றால் ஆளைத் தண்ணீரில் முழுக்கித்தான் ஞானஸ்நானம். என் கணவர் தச்சநல்லூரில் வாளித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவர். நானோ புன்னக்காயல்காரி, ஆறு கடலில் சேருகிற இடத்தில் அண்ணன்மாரோடு போட்டி போட்டு நீந்தியவள். கத்தோலிக்க வீட்டுப் பெண் ஒரு பாப்டிஸ்டைக் கட்டிக்கொண்டாள் என்று வீட்டில் வெகுநாள் பேச்சுவார்த்தையே இல்லை. அதற்கே நான் அசரவில்லை.

மலாவி நாட்டில் ஓர் ஏரிக்கரை ஊரில் எங்களுக்கு ஊழியம். முதல் ஞானஸ்நானத்திலேயே இவர் வழுக்கி விழுந்தார். முழுக்கு வாங்க வந்தவர்தான் இவரைத் தூக்கி நிறுத்தினார். அடுத்த தடவை இவர் கரையில் நின்று ஜெபித்தார், நான் இறங்கினேன். அந்த ஊர்ப் பெண்களுக்கும் அதுதான் பிடித்தது. நனைந்த உடம்பைப் பிடிக்க ஆம்பிளைக் கை எதற்கு என்றார்கள். நியாயந்தானே? அதிலிருந்து அங்கே முழுக்கு என்றால் நான்தான்.

போன விடுமுறைக்கு ஊர் வந்தபோது, தாமிரபரணிக் கரையில் எங்கள் சபையின் ஞானஸ்நான ஆராதனை. முழுக்கு வாங்க வந்திருந்தவர்களில் பூ விற்கும் ஓர் அம்மா. ஏற்கெனவே கரைவரை வந்து பயந்து திரும்பியவராம். அன்றைக்கும் இளம் போதகர் கை நீட்டியதும் பின்வாங்கினார். ஏரிக்கரைக் கதையைக் கேள்விப்பட்டிருந்தாரோ என்னவோ, நேரே என்னிடம் வந்தார்.

“ஏம்மா, நீங்க என்னையப் பிடிச்சு முக்குதியளா? பொம்பளையாளுன்னா பயமில்லாம இறங்கிருவேன்.”

சபைச் செயலாளர் குறுக்கே வந்தார். “அங்கன செஞ்சது அங்கனயோட இருக்கட்டும்மா. இங்கன அப்படி வழக்கம் கெடையாது.” என் கணவரைப் பார்த்து, “நீங்க இறங்குங்கய்யா” என்றார்.

இவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே எல்லோர் முன்னாலும் சொன்னார்: “எனக்குத் தண்ணியக் கண்டாலே ஆகாது. அங்கன முழுக்குக் குடுத்தது பூரா இவதான்.”

கட்டிப்பிடித்திருப்பேன். கூட்டம் இருந்ததால் பிழைத்தார்.

செயலாளர் முகம் கறுத்தது. “அப்பம் உங்க ரெண்டு பேரையும் திரும்ப அனுப்புததப் பத்தி சங்கம் யோசிக்க வேண்டியிருக்கும்.”

அந்த ஏரிக்கரைதான் இப்போது என் வீடு. ஆனால் இந்த அம்மாவைக் கைவிட்டுவிட்டு அந்தப் பெண்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“நல்லா யோசிங்க அண்ணாச்சி. அதுக்குள்ள நான் இவங்கள முக்கி எடுத்துட்டு வாரேன்.”

இன்றுவரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். இடுப்பளவு தண்ணீரில் அந்த அம்மா என் தோளை நகம் பதியப் பிடித்திருந்தார். “பைய, பைய. நான் விட மாட்டேன்” என்றேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே அவரைச் சாய்த்து, முழுக்கி, தூக்கினேன்.

இருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கரையைப் பார்த்தார்.

“இது செல்லாதுன்னு சொல்லுதவங்க இறங்கி வாங்க!”

முழுக்குக்கு அடுத்து நின்ற பெண் செருப்பைக் கழற்றிப் போட்டாள். போதகரைத் தாண்டி என்னிடம் இறங்கி வந்தாள்.