அத்தைக்கு இருபது வயது

இதை எழுத வேண்டும் என்று நினைத்து, நினைத்து, எத்தனையோ வருடம் தள்ளிப் போட்டுவிட்டேன். பயமெல்லாம் இல்லை, கூச்சம்தான். ஒரு பெண்ணின் வயதைப் பற்றிய விஷயம், அதுவும் சொந்த அத்தையின் வயது. போன ஆடியில் கூழ் ஊற்றுவதற்கு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அண்டாவைக் கழுவிக்கொண்டே மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "எழுதுடி. இனிமே என்னை எவன் பொண்ணு பாக்க வரப் போறான்?" என்று சிரித்தாள். அத்தை உத்தரவு கொடுத்துவிட்டாள், அம்மனும் கொடுத்துவிட்டாள் என்றே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கும் எஸ்டேட்டில்தான் வேலை. எடை மிஷினுக்குள் வைக்கிற சின்னச் சின்ன போர்டுகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. தாத்தா காலமான பிறகு சித்தப்பாவைப் படிக்க வைத்தது அத்தையின் சம்பளம்தான். அதிலேயே அவளுக்குக் கல்யாண வயது நகர்ந்துவிட்டது என்று அம்மா யாரிடமோ சொல்லும்போது கேட்டிருக்கிறேன்.

அத்தை வேலை செய்த கம்பெனியில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வேண்டாம் என்று ஒதுக்கியபோது, அதை அவளுக்கே கொடுத்துவிட்டார்கள். கல்யாணப் பெண்ணை அழைத்து வருவது போல ஆட்டோவில் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். தெருப் பிள்ளைகள் எல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள். கார் ஓட்டுவோம், பறவை சுடுவோம் என்று நாங்கள் காத்திருந்தால், திரை கன்னங்கரேலென்று கிடந்தது. ஓரத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னி மின்னி அணைந்தது.

"இன்னா அத்த, பொம்மயே இல்ல?"

"கணக்குப் போடும்டி."

பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள். நான் மட்டும் வேறு வழி இல்லாமல் நின்றேன்.

டி, சி என்று இரண்டு எழுத்தைத் தட்டினால் கணக்குப் போடும் மிஷின் உள்ளே வந்து உட்காரும். வந்ததாக ஒரு வார்த்தை சொல்லாது. பள்ளிக்கூடத்தில் எழுதுவது போல ஐந்து, கூட்டல், மூன்று என்று அடித்தேன். அடுக்கு காலி என்று ஆங்கிலத்தில் திட்டியது. அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மொதல்ல ரெண்டு பேரையும் ஒக்கார வை. அப்பால இன்னா செய்யணும்னு சொல்லு. ஆளே வரங்காட்டி கூட்டு கூட்டுன்னா, அது இன்னாத்தக் கூட்டும்?"

ஐந்து, மூன்று, பிறகு கூட்டல். அப்போதும் விடை வராது. பி என்று தட்டிக் கேட்டால்தான் எட்டு என்று சொல்லும். எங்கள் அப்பா மாதிரி.

அதில் இன்னொரு அதிசயமும் இருந்தது. அத்தை உட்கார்ந்ததுமே சாமிக்கு விளக்கேற்றுவது போல முதல் காரியமாகப் பதினாறு என்று அடித்து ஓ என்ற எழுத்தைத் தட்டுவாள். அப்படிச் செய்துவிட்டால் மிஷின் விடையைப் பத்துப் பத்தாக எண்ணிச் சொல்லாது, பதினாறு பதினாறாக எண்ணிச் சொல்லும். அத்தை சோதிக்கும் போர்டுகள் அந்தப் பாஷையில்தான் பேசுமாம். அதைப் பழகத்தான் வீட்டிலும் அப்படியே வைத்திருந்தாள். எனக்குச் சொன்னபோது கம்பெனித் தட்டை வைத்துச் சொன்னாள். ஒரு தட்டில் பதினாறு போர்டு நிற்கும். முப்பத்தைந்து போர்டு இருந்தால் இரண்டு தட்டு நிறைந்து, மூன்று உதிரியாக நிற்கும். மிஷின் அதை இருபத்து மூன்று என்று எழுதும். உதிரி ஒன்பதைத் தாண்டினால் எண்ணுக்குப் பதிலாக எழுத்து வரும். எனக்கு அப்போது பத்து வயது. அடித்துப் பார்த்தால் ஏ என்று வந்தது. என் வயதே முதல் ரேங்க் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையின் வயதைக் கேட்டேன். வீட்டில் யாரும் சொல்லாத விஷயம் அது. "என்னைக் கேக்காத, அதைக் கேளு" என்று சொல்லிவிட்டு, நடக்கும் வருடத்தை அடித்து, தான் பிறந்த வருடத்தை அடித்து, கழித்தல் போட்டு, பி தட்டினாள். இருபது என்று வந்தது.

"அய்ய, இருபதா! சின்னப் பொண்ணு நீ!"

அத்தை முதலில் சிரித்தாள். பிறகு திரையையே பார்த்துக்கொண்டு, "ரெண்டு தட்டு ரொம்பிடிச்சுடி" என்றாள். வேலை ஞாபகம் என்று நினைத்து நான் விளையாடப் போய்விட்டேன்.

அந்த மாதமே ஆவடியிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை கரண்ட் மீட்டர் சோதிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தார். அதற்கு முன் வந்த இரண்டு இடமும் வயதைக் கேட்டதும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டதால், இந்த முறை அப்பா தரகரிடம் இருபத்தேழு என்று சொல்லி அனுப்பினார். ஜாதகத்தை எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் அல்லவா, அதனால் ஜாதகம் மழைத் தண்ணீரில் போய்விட்டது என்றார். அதற்குப் பதிலாக ஏரிக்கரை அம்மனிடம் பூப் போட்டுப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். ஒன்றும் அறியாத பிள்ளை எடுக்க வேண்டும் என்று என்னை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை ஆரம்பித்தாள். "அம்மன் எனக்கு வெள்ளப் பூ குடுத்துச்சு, சரி. ஒன் பொய்க்கா குடுத்துச்சு, அண்ணே? பொய்ய சொல்லிகினு நான் ஒரு ஊட்டுக்குள்ள கால வைக்க மாட்டேன்."

"நீ வாயத் தொறந்தே, இந்த எடமும் பூடும். நாளைக்கு நான் கண்ண மூடிட்டா ஒன்ன யாரு பாப்பா?"

அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான். சாமி மாடத்தில் கற்பூரம் ஏற்றி, வயதை வாயால் சொல்ல மாட்டேன் என்று அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார். கற்பூரம் அணையப் போகும் சமயத்தில்தான் அத்தை கையை வைத்து அடித்தாள். எங்கள் வீட்டில் கற்பூரத்தில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினவர்கள் கிடையாது.

பெண் பார்க்க மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். கம்ப்யூட்டரை மூலையில் மஞ்சள் துணி போட்டு மூடியிருந்தோம். ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் அதன் தலையில் அப்படியே இருந்தது. அத்தை காபி கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இருவத்தேழுன்னு சொன்னாங்க. பாத்தா கொஞ்சம் முத்தனாப்புல கீதே?"

"வேலைக்குப் போற பொண்ணு, வெயில்ல அலையுது..." என்று அப்பா இழுத்தார். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. அத்தை தரையைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. "முத்தல்லாம் இல்ல! இருபத்தேழு கூட இல்ல! எங்க அத்தைக்கு இருபதுதான்!"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். மாப்பிள்ளையின் அம்மா, "நல்லா கீதுமே ஒங்க கணக்கு. இன்னும் கொஞ்ச நேரம் போனா பத்துன்னுவீங்க போல" என்றார். அப்பாவின் முகம் செத்துவிட்டது.

மாப்பிள்ளை மட்டும் என்னைப் பார்த்து, "யாரு பாப்பா சொன்னா?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டரு. தோ கீது பாருங்க. கறுப்பு ஸ்கிரீன், டி, சி. மொதல்ல ரெண்டு பேரையும் ஒக்கார வைக்கணும், அப்பாலதான் கூட்டணும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, நம்ம ஆளு! அதுக்கு முன்னாடி அத்த இன்னா அடிப்பாங்க?"

"பதினாறு. அப்புறம் ஓ."

காபி டம்ளர் அவர் வாய்க்குப் பாதியில் நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டு அத்தையைப் பார்த்தார். அத்தை அதுவரை குனிந்திருந்த தலையை நிமிர்த்தி அவரை நேராகப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. ஆமாம் என்று ஒரே ஒரு முறை தலையை ஆட்டினாள்.

"அப்டின்னா எனக்கு இருபத்தாறு" என்றார் அவர்.

"டேய், இன்னா ஒளர்ற? முப்பத்தி மூணுன்னுதான சொல்லிகினு வந்..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டு அவர் அம்மா நாக்கைக் கடித்தார்.

"சொன்னத வுடும்மா. எனக்குப் புடிச்சிருக்கு. அவங்களுக்கும் புடிச்சிருந்தா, மொதல்ல நாங்க ரெண்டு பேரும் ஒக்காந்து பேசறோம். அப்பால நீங்க கூட்டறதக் கூட்டுங்க."

அத்தை சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எதற்கென்று தெரியாமலே அப்பாவும் சிரித்தார். நானோ, இருபதும் இருபத்தாறும் நல்ல பொருத்தம், கல்யாணத்தை முடித்து வைத்தவள் நான்தான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

பல வருடம் கழித்து என் மகன் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் படித்தான். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் பதினாறுக் கணக்கைப் பத்துக் கணக்காக மாற்றும் வீட்டுப் பாடம் செய்துகொண்டிருந்தான். இருபது என்றால் இரண்டு பதினாறு, முப்பத்திரண்டு என்று வாய்விட்டுச் சொன்னான். கையில் கரண்டியோடு நின்றுவிட்டேன். இருபத்தாறு எவ்வளவுடா என்று கேட்டேன். முப்பத்தெட்டு என்றான். அடுப்பில் குழம்பு தீய்ந்தது. அத்தனை பேர் நடுவில், யாருக்கும் தெரியாமல், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் உண்மையைச் சொல்லிவிட்டிருக்கிறார்கள். அத்தை சத்தியத்தையும் மீறவில்லை. பூவை எடுத்த கையையும் உளறிய வாயையும் அம்மன்தான் ஆட்டி வைத்தாள் என்று நான் நம்புகிறேன்.

பெண் பார்த்துவிட்டுப் போன அன்று சாயங்காலம், அத்தை மஞ்சள் துணியை விலக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்த்தேன். திரையில் கடைசியாக இருபத்தாறு, அதன் கீழே இருபது. வேறொன்றும் இல்லை.

"கூட்டலயா அத்த?"

"இல்லடி. சும்மா ஒக்காந்திருக்கட்டும்."

உட்கார வைத்துவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு எதற்கு இவ்வளவு பெரிய மிஷின் என்று எனக்குத் தோன்றியது. அத்தை வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதைப் படித்தவர்கள் வேறு யாரிடமாவது சொல்வதானால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். உங்கள் பங்குக்கு எதையும் கூட்ட வேண்டாம், எதையும் கழிக்க வேண்டாம். அத்தைக்கு இருபது, மாமாவுக்கு இருபத்தாறு. அவர்கள் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருக்கட்டும்.