துணைக்கு இருப்பவரின் மெத்தை

மெத்தைத் தொழிற்சாலையில் அவளை எல்லாரும் மேகம் என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக ஓரத் தையல். கை தன்பாட்டுக்கு மெத்தையைச் சுற்றி வரும். மனசு எங்கேயாவது போய்விடும். மேல் ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மிதக்கும்போது தன் காலும் தரையை விட்டுவிட்டதாக அவளுக்குத் தோன்றும்.

"ஏ மேகம், இறங்கி வா. மூலை வந்துடுச்சு" என்பாள் பக்கத்து மெஷின்காரி. ஊசி சரியான இடத்தில் நின்றிருக்கும்.

அந்த வருடம் விற்பனை படுத்துவிட்டது. மெத்தை படுக்காமல் என்ன செய்யும் என்று தையல்காரிகள் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. கம்பெனி பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புத் துறையோடு கைகோத்தது. பென்சிலைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு பேராசிரியையும் நான்கு மாணவிகளும் வந்தார்கள். உடனே புது மெத்தைக்குப் படம் வரைந்து நீட்டுவார்கள் என்று மேனேஜர் நினைத்தார். அவர்களோ மூன்று வாரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேள்வியாய்க் கேட்டார்கள்.

"அக்கா, கடைசியா எப்ப நல்லா தூங்கினீங்க?" என்று பேராசிரியை அவளிடம் கேட்டார்.

"அது ஞாபகம் இல்ல மேடம். தூங்காத கதை வேணா சொல்லட்டுமா?"

போன வருடம் அவள் கணவருக்கு இடுப்பு எலும்பு முறிந்து, முப்பத்தோரு நாள் ஆஸ்பத்திரி வாசம். "அவர் படுத்தது நம்ம கம்பெனி மெத்தைதான். ஓரத்தைத் தடவிப் பார்த்தேன், என் தையல். நான் பக்கத்துல பிளாஸ்டிக் நாற்காலியில கழுத்து ஒடிஞ்சு கிடந்தேன். எதிர்க் கட்டிலுக்குத் துணை இருந்த அண்ணன் கீழ துண்டை விரிச்சாரு. நர்ஸ் வண்டி வந்தா எழுந்திரிக்கணும். துணைக்கு இருக்கறவங்களுக்கு யாரு மேடம் மெத்தை செய்யறா?"

பேராசிரியை கழுத்துப் பென்சிலை எடுத்து அந்தக் கேள்வியை அப்படியே எழுதிக்கொண்டார். "அதை நாமளே செய்வோம் அக்கா, நீங்களும் வாங்க" என்றார்.

அதிலிருந்து புதன்கிழமைதோறும் அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை. உயரமான அறை, கூரையிலிருந்து தொங்கிய காகித மாதிரிகள் காற்றில் மெதுவாகத் திரும்பின. உள்ளே நுழைந்தால் தண்ணீருக்கடியில் நடப்பது போலிருந்தது. மாணவிகள் செய்த முதல் மெத்தை பூவிதழ் மாதிரி விரிந்தது.

"அழகா இருக்கு கண்ணு. ஆனா மடிக்க ரெண்டு பேர் வேணுமே. துணைக்கு இருக்கறவ ஒத்தை ஆளு."

அடுத்ததில் மடிப்பைப் பிடித்துக்கொள்ள வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வைத்தார்கள். "பிரிச்சா பர்ருனு சத்தம் வருதே, நோயாளி முழிச்சுக்குவாரு" என்று அதைப் பிய்த்துவிட்டு, துணி வளையமும் மரப் பொத்தானும் அவளே தைத்தாள். நான்காவது மாதிரி தேறியது: மூன்றாக மடித்தால் இருக்கை, விரித்தால் ஒரு ஆள் படுக்கை, வேண்டாதபோது கட்டிலுக்கடியில் போய்விடும்.

முதலாளி பார்க்க வந்த பிற்பகலில் அவளைத்தான் விரித்துக் காட்டச் சொன்னார்கள். விரித்தாள். படுத்தாள். காகித மாதிரிகள் தலைக்கு மேல் திரும்பிக்கொண்டே இருந்தன. பேச்சுக் குரல்கள் தூரத்துக் கரைக்குப் போய்விட்டன. தூங்கிவிட்டாள்.

மேனேஜர் பதறி எழுப்பப் போனார். முதலாளி கையைப் பிடித்துத் தடுத்தார். இருபது நிமிடம் யாரும் நாற்காலியை நகர்த்தவில்லை.

"ஐயோ, மன்னிச்சுக்கோங்க சார்!" என்று வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க இனிமே ஒண்ணும் விளக்க வேணாம்மா. எப்ப தைக்க ஆரம்பிக்கலாம்?" என்றார் முதலாளி.

ஆறு ஆஸ்பத்திரிகள் முதலில் வாங்கின. பிறகு எண்ணிக்கை கூடியது. பதினோரு பேர் கொண்ட தனிப் பிரிவுக்கு அவள் பொறுப்பாளி ஆனாள். பேராசிரியையோடு கம்பெனி இன்னும் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டது. வடிவமைப்பாளர்கள் பட்டியலில் ஆறாவதாக அவள் பெயர் அச்சாகி வந்தது. அவள் கணவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் படித்தார்.

"எல்லாம் என் இடுப்பு உடைஞ்சதால வந்த வாழ்வு" என்றார்.

"ஆமா, அந்தப் பெருமையில மறுபடி விழுந்து வைக்காதீங்க" என்றபடி அவள் செருப்பை மாட்டினாள். அன்று புதன்கிழமை.