மூன்றாவது அட்டை

ஆறாம் வகுப்பில் எனக்குக் கையெழுத்துக்குப் பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளர் கிடைத்தது. அந்த டம்ளரால்தான் எங்கள் வீட்டுக்குப் போலீஸ் வந்தது என்று அம்மா பிற்பாடு பலரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறாள். வந்த அன்று அவள் சிரிக்கவில்லை.

அது இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடத்தின் தொடக்கம். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் யுத்தம் மூண்டு எரிந்துகொண்டிருந்தது. இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரையில் எங்கள் வீடு. அப்பா குவைத்தில் இருந்தார். கோயிலில் தினமும் மாலை செபத்துக்குப் பிறகு யுத்தம் நிற்க வேண்டி செபமாலையில் பத்து மணி உருட்டிச் செபம் சொன்னார்கள். பதுங்குகுழிக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் படத்தை டிவியில் காட்டினால் அம்மா உடனே அணைத்துவிடுவாள். அணைத்த பிறகும் அந்தக் கறுப்புக் கண்ணாடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அம்மா பூதப்பாண்டிக்காரி, பள்ளிக்கூட டீச்சர். வேதக்காரப் பையனை, ஒரு கிறிஸ்தவனை, விரும்பிக் கட்டிக்கொண்டாள் என்று அவள் வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். ரெஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டது அவளுடைய தம்பி ஒருவர் மட்டும்தான். அந்த மாமா நாகர்கோவில் கோர்ட்டில் வக்கீல். கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் அவருடைய கூட்டாளி. நான் அவரைக் கடை மாமா என்று கூப்பிடுவேன். இரண்டு பேரும் இரண்டு வருடமாகக் கடைக்கு மேலே மாடியில் ஒன்றாகக் குடியிருந்தார்கள்.

அம்மாவுக்கு நான் அப்படிக் கூப்பிடுவது பிடிக்காது. “ஏட்டி, அவன் ஒனக்கு எந்த வழியில மாமா?” என்பாள். மாமா எங்கள் வீட்டுக்கு வரும்போது கடை மாமா பைக்கோடு கேட்டுக்கு வெளியே புன்னை மரத்தடியில் நின்றுவிடுவார். அம்மா ஒரு காப்பிதான் போடுவாள். மாமா அதில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை டம்ளரோடு வெளியே கொண்டுபோவார். அம்மா அதைப் பார்க்காததுபோல் அடுப்படியில் ஏதாவது பாத்திரத்தை உருட்டுவாள்.

அவர்கள் ஒருவரையொருவர் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்தவர்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரிய இன்னும் ஏழெட்டு வருடம் ஆனது. ஆணும் ஆணும் அப்படி இருப்பதைக் குற்றம் என்று சொல்லும் சட்டம் ஒன்று இருந்ததும் எனக்குத் தெரியாது. கடை மாமாவிடம் கலர் கலராகக் காகிதம் இருந்தது, பள்ளிக்கூட வேலைக்கு எவ்வளவு கேட்டாலும் தருவார், அதுதான் எனக்குத் தெரிந்தது.

யுத்தத்தை நிறுத்தச் சொல்லி நாகர்கோவிலில் ஓர் ஊர்வலம் போவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின சனிக்கிழமை, கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் என்று மாமா என்னை ஜெராக்ஸ் கடையில் உட்காரவைத்து, சார்ட் அட்டைகளையும் சிவப்பு மையையும் தந்தார். எழுத வேண்டியவை மூன்று. முதலாவது, ‘போரை நிறுத்து.’ இரண்டாவது, ‘பேசியவனை விடுதலை செய்.’ போரைக் கண்டித்து மேடையில் பேசியதற்காக ஒரு கல்லூரி மாணவனைப் பிடித்து ஜெயிலில் வைத்திருந்தார்கள். மாமாதான் அவனுக்கு வக்கீல். மூன்றாவது, ‘அன்பு குற்றமல்ல.’

“மக்கா, குற்றத்துக்குப் பெரிய ற தானே?” என்று கடை மாமா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “நம்ம ஊருல எல்லாவனும் குத்தம்னுல்லா சொல்லுகான். அதனாலதான் தப்பாப் போவுது.”

மூன்றாவதை எழுதும்போது எனக்குக் கை சிலிர்த்தது. அது என் அம்மாவையும் அப்பாவையும் பற்றியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாமா என் கையால் அதை எழுதவைத்தது எவ்வளவு பொருத்தம் என்று நினைத்தேன். ‘அன்பு’வைச் சுற்றி யாரும் கேட்காமலே இரண்டு பூ வரைந்தேன்.

மை காய்வதற்குள் ஊர்வலக் கமிட்டித் தலைவர் வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நல்ல மனிதர், எப்போது பார்த்தாலும் எனக்குப் புளிப்பு மிட்டாய் தருவார். அன்றும் தந்தார். பிறகு மூன்றாவது அட்டையைப் பார்த்தார்.

“வக்கீல் தம்பி, நாம யுத்தத்தப் பேச வந்தோம். இந்த அசிங்கத்த இதுல எதுக்குச் சேக்கணும்?”

மாமா எழுந்து நின்றார். “கடக்கரையில ஒண்ணா இருந்தானுவன்னு ரெண்டு பயலுவளப் பிடிச்சு ஸ்டேஷன்ல போட்டு அடிச்சானுவளே சார், அவனுவ யாரு? நம்ம உண்ணாவிரதப் பந்தலக் கட்டினவனுவ. யுத்தம் வேண்டாம்னு நம்மகூடக் கெடந்து கத்தினவனுவ.”

“அது வேற கேஸு.”

“எப்பிடி சார் வேற? ஒருத்தன் வீட்டுக்குள்ள யாரு கூட இருக்கான்னு போலீசு பாக்கலாம்னா, அவன் மேடையில என்ன பேசுகான்னும் பாக்கலாம். ஒரே கதவத்தான் ஒடைக்கானுவ. இப்பம் நாம வாய் மிண்டாம இருந்தா, அந்தப் பயலுவ நாளைக்கு எந்த மொகத்த வச்சு நம்மகூட நடப்பானுவ?”

தலைவர் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஆளு கொறஞ்சிரும், கேட்டியா? கோயில்லயிருந்து வாற பெண்ணுங்க ஒண்ணும் வராது. செத்துக்கிட்டு இருக்கவங்களுக்காவ நடக்கோம். அத மட்டும் நெனைச்சுப் பாரு” என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. மாமா அந்த அட்டையை எடுத்து ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் சுவர் பார்க்கத் திருப்பி வைத்தார்.

என் அம்மா அப்பாவை ஒருவர் ‘அசிங்கம்’ என்று சொன்னதும் மாமா அதைக் கேட்டுக்கொண்டதும் எனக்குத் தாங்கவில்லை. வாயில் கிடந்த மிட்டாயைச் சந்தில் துப்பினேன். பெரியவர்கள் மாடிக்குப் போன நேரம், அட்டையைப் பழைய பேப்பரில் சுற்றி என் பையோடு வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஊர்வலத்தில் எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கன்னியாஸ்திரிகள் முன்வரிசையில் நிறுத்தினார்கள். வடசேரி தாண்டியதும் நான் பேப்பரைப் பிரித்து அட்டையைத் தலைக்கு மேலே தூக்கினேன். முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு எனக்குப் பின்னால் கோஷம் கொஞ்சம் தேய்ந்தது. திரும்பிப் பார்த்தேன். தலைவர் முகத்தில் ரத்தமே இல்லை. யாரோ “அதப் பிடுங்கு, பிடுங்கு” என்றார்கள்.

மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் என் வலது பக்கம் நடந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கடை மாமாவும் வந்து இடது பக்கம் சேர்ந்துகொண்டார். என் கை கடுத்தபோது ஆளுக்கொரு பக்கம் அட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். வீதியில் ஒன்றாக நடந்துபோகும்போது அவர்களுக்கு நடுவில் எப்போதும் ஓர் ஆள் நடக்கும் இடைவெளி இருக்கும். அன்று அந்த இடைவெளியில் நான் இருந்தேன். ஒரு பத்திரிகைக்காரர் படம் எடுத்தார்.

கலெக்டர் ஆபீசுக்கு முன்னால் தள்ளுமுள்ளு ஆனது. எங்களைச் சிஸ்டர்மார் வேனில் ஏற்றிக் கூட்டிப் போய்விட்டார்கள். பெரியவர்களைப் பிடித்து ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து, சாயங்காலம் விட்டார்கள். மாமாவையும் வேறு நாலு பேரையும் மட்டும் விடவில்லை. போலீசைத் தடுத்தார், கலவரத்தைத் தூண்டினார் என்று கேஸ். மூன்றாவது அட்டைக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று கமிட்டி பேப்பரில் அறிக்கை கொடுத்தது. அதே பேப்பரில் என் படமும் இருந்தது.

மறுநாள் நாலரை மணிக்கு, அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், சாதா உடையில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள்.

“டீச்சர், ஒங்க மேல ஒண்ணும் இல்ல. ஒங்க தம்பி சின்னப் பிள்ளைய ஏமாத்தி, வெளங்காத வாசகத்தக் கையில குடுத்து நிறுத்திட்டான்னு ஒரு எழுத்து எழுதித் தாங்க. பொறவு ஒங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. வேலையில இருக்கவங்க, பாத்துக்கிடுங்க.”

ஒரு வெள்ளைத் தாளையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். அம்மா அதைக் கையில் வாங்கினாள். அம்மா எழுதிவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு மாமா மேல் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தோடு இரண்டு வருடமாக ஒரு காப்பி மட்டும் போட்டுக்கொண்டிருந்தவள்.

“யாரும் ஏமாத்தல்ல” என்றேன். “நான்தான் எழுதினேன். நானாத்தான் எடுத்துட்டுப் போனேன். அது எங்க அம்மாவையும் அப்பாவையும் பத்தி.”

வயதான போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். “அப்பிடியா டீச்சர்?”

வெளியே மீன்காரியின் சத்தம் தெருக்கோடிவரை போய்த் தேய்ந்தது.

“ஆமா சார்” என்றாள் அம்மா. “நாங்க ஜாதி, மதம் பாக்காம விரும்பிக் கெட்டினவங்க. பிள்ளைக்கு அது தெரியும். அன்பு குத்தம் இல்லன்னு எழுதினா அதுல என்ன சார் தப்பு?” தாளை அப்படியே வெள்ளையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

அவர்கள் போனதும் அம்மா கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். காலில் செருப்பு அப்படியே கிடந்தது. உண்மையைச் சொன்னதற்கு ஏன் இப்படி இடிந்து உட்கார வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “மக்ளே, அந்தக் கடைக்காரனுக்க நம்பர் ஒனக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். கடை போர்டில் இருக்கும் நம்பர், எனக்கு மனப்பாடம்.

“நான் அக்கா பேசுகேன்” என்றாள் போனில். “நாளைக்குக் காலம்பற கோர்ட்டுக்கு வாறேன். நீ... சாப்பிட்டியா?”

ஜாமீன் கிடைக்க இன்னும் மூன்று நாள் ஆனது. அன்று அம்மா லீவு போட்டாள். என்னையும் கூட்டிப் போனாள். ஜாமீன் கையெழுத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒன்று அம்மா. இன்னொன்று கடை மாமா. வெளுத்த சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டு, முந்தின நாள் முடி வெட்டியிருந்தார். ஒரு வயதான குமாஸ்தா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு விவரம் கேட்டு எழுதினார். அம்மாவுடையது சீக்கிரம் முடிந்தது.

“நீரு அவருக்கு என்ன உறவு?” என்று கடை மாமாவைக் கேட்டார்.

“கூட்டாளி.”

“கூட்டாளின்னு எழுத முடியாதுவே. உறவு என்னன்னு சொல்லும்.”

கடை மாமா தேய்த்த சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். பின்னால் நின்ற இரண்டு வக்கீல்கள் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். குமாஸ்தாவின் பேனா தாளுக்கு மேலே நின்றது.

“எங்க வீட்டு ஆளு” என்றாள் அம்மா, அந்த அறை முழுக்கக் கேட்கிற வாத்தியார் குரலில். “என் தம்பிக்க ஆளு. எழுதிக்கிடுங்க.”

குமாஸ்தா அம்மாவை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து ‘உறவினர்’ என்று எழுதினார். கடை மாமா கையெழுத்துப் போட்டார். கோணலாக, கோட்டை விட்டு இறங்கிப் போன கையெழுத்து. போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார்.

நான் பின்னாலேயே போனேன். வளாகத்து வேப்பமரத்துக்கு அப்பால், வெயிலில் ஒரு குழாய் இருந்தது. அவர் குனிந்து முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவினார், துடைத்தார், மறுபடியும் கழுவினார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. மாமாவை வெளியே விடப்போகிற நல்ல நாளில் இந்த மனிதர் எதற்கு இப்படி அழுகிறார் என்று யோசித்தேன். வெயில் கண்ணில் பட்டிருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டு, அவர் மேல் என் நிழல் விழும்படி கொஞ்சம் தள்ளி நின்றேன்.